முகமூடிக்குள் வரும் கனவு

உப்புவெளிக் கரையில் நின்று கணுக்கால் மூடும் அளவுக்குக் கடலில் இறங்குங்கள். அந்தத் தண்ணீர் உங்கள் பாதத்தின்மேல் போடும் அழுத்தம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீர். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு, இரவில் மூக்கின்மேல் கட்டிக்கொள்ளத் தரப்படும் முகமூடிக்குள் சீபாப் மெஷின் ஊதுவதும் அவ்வளவுதான். அதன் அழுத்தத்தின் எல்லை 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை. இந்தக் கணுக்கால் ஆழத்து அழுத்தமே தொண்டையின் தளர்ந்த சதையை விரித்துப் பிடிக்கப் போதுமாக இருக்கிறது. குறட்டை நிற்கிறது, மூச்சு சீராக ஓடுகிறது, பக்கத்தில் படுப்பவரும் நிம்மதியாக உறங்குகிறார்.

பிறகு சிலர் முறையிடத் தொடங்குகிறார்கள். "மெஷின் போட்ட நாள் தொட்டுத்தான் இப்பிடிக் கனவு வருது." செத்துப்போனவர்கள் வருகிறார்கள், யாரோ துரத்துகிறார்கள், தண்ணீருக்குள் மூழ்குகிறார்கள். ஒரு வாரத்தில் முகமூடி அலுமாரிக்குள் போய்விடுகிறது. மெஷின்மேல் பழியைப் போடுவதற்கு முன் நித்திரைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் ஒரு விசித்திரத்தை எழுதிவைத்தார்கள். நித்திரையின் சில கட்டங்களில் மூடிய இமைக்குள் கண்மணி அங்குமிங்கும் ஓடுகிறது. அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்கிறார்கள். ரெம் நித்திரை என்று அதற்குப் பெயர். வளர்ந்த ஒருவரின் இரவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அப்போது மூளை, கழுத்துக்குக் கீழே உள்ள தசைகளை ஏறக்குறைய முழுதாக அணைத்துவிடுகிறது. கனவில் ஓடுகிற நாம் கட்டிலில் எழுந்து ஓடாதது அதனால்தான். விழிப்பு வந்தும் அந்த அணைப்பு விலகாமல் கிடக்கும் சில கணங்களைத்தான் அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி இருந்தது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மூச்சு இழுக்கும் உதரவிதானம் மட்டும் ஓய்வெடுப்பதில்லை.

ஆனால் தொண்டைத் தசைகளுக்கும் நாக்குக்கும் அந்த விலக்கு இல்லை. அவை தளர்ந்து பின்னால் சரிகின்றன. ஆகவே நித்திரை மூச்சுத்தடை என்னும் இந்த நோய் உள்ளவருக்கு மிக மோசமான நேரம் கனவு காணும் நேரம். அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: குறட்டை சட்டென்று அறும். நெஞ்சும் வயிறும் மாறி மாறி இழுக்கும், காற்று மட்டும் போகாது. பத்து விநாடி, இருபது, சிலவேளை ஒரு நிமிடம். இரத்தத்தில் ஒட்சிசன் இறங்க, மூளை உலுக்கி எழுப்பும். ஒரு பெரிய செருமல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான நோய் என்பது வைத்தியக் கணக்கு. ஒவ்வொரு தடவையும் கனவு பாதியில் அறுகிறது. காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, தலையிடி மட்டும் இருக்கும். இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவைக் காட்டி அவன் தம்பி கும்பகர்ணன் கதையைச் சொல்லிச் சிரிக்கிற ஊர் இது. பகலிலும் உறங்கி விழுகிற கும்பகர்ணனை இன்றைய வைத்தியர் கண்டால் முதலில் கழுத்துச் சுற்றளவைத்தான் அளப்பார்.

ரெம் நித்திரையைப் பறித்தால் என்ன ஆகும் என்று வில்லியம் டிமென்ட் 1960இல் சோதித்துப் பார்த்தார். கனவு தொடங்கும்போதெல்லாம் ஆட்களை எழுப்பினார். பிறகு குழப்பாமல் உறங்கவிட்ட இரவுகளில் அவர்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் கனவு கண்டார்கள். உடல் கனவுக்குக் கடன் கணக்கு வைத்திருக்கிறது, வாய்ப்புக் கிடைத்ததும் வட்டியோடு வசூலிக்கிறது. சிட்னியில் கொலின் சலிவன் 1980இல், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு முதல் சீபாப்பைச் செய்து நோயாளிகளுக்குப் போட்டபோது, வருடக்கணக்காக அறுந்து கிடந்த நித்திரை ஒரே இரவில் ஆழமாகவும் நீளமாகவும் திரும்பிவந்தது. முதல் நாட்களில் கனவு வெள்ளம்போல் வருவது இதனால்தான். ரெம் நேரத்தில் பயத்தைக் கையாளும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாக இருப்பதால் அந்தக் கனவுகள் எல்லாம் இனிமையாக இருப்பதில்லை. பெரும்பாலானோருக்குச் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், அடங்கிவிடும்.

வேறு சிறிய காரணங்களும் உண்டு. உறங்குகிறவரின் தோலில் படுவது கனவுக்குள் நுழையும். 1958இல் டிமென்ட்டும் வோல்பெர்ட்டும் ரெம் நித்திரையில் இருந்தவர்கள்மேல் குளிர்ந்த நீரைத் தெளித்துப் பார்த்தபோது, பத்தில் நான்கு தடவை கனவில் தண்ணீர் வந்தது. முகமூடி ஓரத்தில் கசிந்து கன்னத்தில் வீசும் காற்று என்னவெல்லாம் ஆகலாம் என்று நீங்களே ஊகிக்கலாம். இரத்த அழுத்தத்துக்குப் போடும் புரோப்பிரனலோல் போன்ற சில குளிசைகளும் கனவைக் கலக்கும்.

இனி மறுபக்கம். ரியாத்தில் அஹ்மத் பாஹமாமும் அவர் குழுவும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுத்தடையோடு கெட்ட கனவும் இருந்தவர்களில், சீபாப்பை ஒழுங்காகப் பாவித்த பெரும்பாலானோருக்குக் கனவுத் தொல்லை நின்றுபோயிருந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களிடமும் சீபாப்பால் கெட்ட கனவு குறைந்தது. நம் பகுதியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் உப்புவெளியில் இருக்கிறது. அதற்குப் பின் நாம் பார்த்த போர் வேறு. 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்ததையும் மறந்தவர் இல்லை. உளவைத்தியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்று பெயரிட்டு எழுதிய காயங்கள் உண்மையானவை. ஆனால் மூச்சு முட்டி, மூழ்கி, அலறி எழுகிற ஒருவரை "பழைய நினைப்பு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம், குறட்டை விடுவாரா என்று கேட்பதில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

முக்கியமான இன்னொன்று. ரெம் நித்திரை இரவு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை, பெரும்பகுதி விடியப்புறத்தில்தான். அமெரிக்கக் காப்புறுதிக் கணக்கில் இரவுக்கு 4 மணி நேரம் போட்டாலே ஒழுங்காகப் பாவித்ததாக ஆகிவிடும். பத்து மணிக்குப் போட்டு இரண்டு மணிக்குக் கழற்றுகிறவர் அந்தக் கணக்கில் தேறிவிடுவார். கனவும் மூச்சுத்தடையும் சேர்ந்து உச்சத்துக்குப் போகிற மிச்ச இரவை அவர் காவலில்லாமல் கடக்கிறார். அரைவாசி இரவு மெஷின் போட்டுவிட்டு, கெட்ட கனவுக்கு மெஷினையே திட்டுவது இங்கேதான் நடக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் கரண்ட் நிறுத்தப்பட்ட நாட்டில் கழற்றாமலே மெஷின் நின்றுபோனதும் உண்டு. பற்றரி வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்கள் வைத்துக்கொள்வது நல்லது.

2022 பெப்ரவரியில் மும்பையில் இறந்த இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் மரணத்துக்கு வைத்தியர்கள் சொன்ன காரணம் இந்த நோய்தான். ஆகவே கனவுக்குப் பயந்து முகமூடியைக் கைவிடாதீர்கள். ஒரு மாதம் கடந்தும் கனவு விடவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள். கனவின் முடிவை மாற்றி எழுதி, விழித்திருக்கும்போது மனதில் ஒத்திகை பார்க்கும் சிகிச்சையும் இருக்கிறது. போகும்போது மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: இரவில் எத்தனை மணிக்கு முகமூடியைக் கழற்றுகிறீர்கள், காற்று எந்தப் பக்கம் கசிகிறது, என்னென்ன குளிசை போடுகிறீர்கள்.