பருவத்தின் பெயரைப் பெண்பிள்ளைக்கு வைக்கலாமா?



வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் என்ன பேரு வைப்பது என்ற பேச்சு நம் குழுக் கூட்டங்களிலும் வந்துவிடுகிறது. இளவேனில், வர்ஷா என்று பருவத்தின் பெயரை வைக்க இளம் தாய்மார்கள் சிலர் ஆசைப்படுகிறார்கள். "மழைக்கும் வெயிலுக்கும் உள்ள பேரையா புள்ளைக்கு வைப்பாங்க?" என்று பெரியவங்க தடுக்கிறார்கள். எது சரி?

முதலில், இது புதுப்பழக்கம் இல்லை. நம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். வசந்தா, வசந்தி இரண்டும் வசந்த காலத்தின் பெயர்கள். சித்ரா, கார்த்திகா என்பவை நட்சத்திரத்தோடும் மாதத்தோடும் சேர்ந்தவை. வர்ஷா என்றால் மழை.

தமிழில் பருவங்கள் ஆறு:

- இளவேனில் - சித்திரை, வைகாசி
- முதுவேனில் - ஆனி, ஆடி
- கார் - ஆவணி, புரட்டாசி
- கூதிர் - ஐப்பசி, கார்த்திகை
- முன்பனி - மார்கழி, தை
- பின்பனி - மாசி, பங்குனி

எல்லாமே பெயராக வைக்க ஒத்துவருமா? வராது என்பதுதான் எங்கள் கருத்து. 'கூதிர்' கூப்பிட வராது. 'கார்' என்று மட்டும் வைத்தால் பள்ளிக்கூடத்தில் மோட்டார் கார் என்று கேலி செய்வார்கள். அதையே கார்முகில், கார்குழலி என்றால் அழகு. இளவேனில் கூப்பிடவும் இனிமை, அர்த்தமும் நல்லது. கடலூரில் 1999-ல் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார். பருவத்தின் பெயர் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"சித்திரையில பிறந்தா குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லி, ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கத்திரி வெயிலில் பிரசவம் கஷ்டம் என்ற அக்கறை அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் வீட்டில் நடக்கும் கெட்டதுக்கெல்லாம் சித்திரையில் பிறந்த பிள்ளையைப் பழி சொல்வது அநியாயம். பிறக்கும் மாதத்தைப் பிள்ளையா தேர்ந்தெடுத்தது?

நாம் உண்மையில் கவலைப்பட வேண்டிய பெயர்கள் வேறு. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று பெண்பிள்ளைக்குப் பேரு வைத்த ஊர்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் 'நக்குசா' என்ற பெயரோடு இருந்த 285 பெண்பிள்ளைகளுக்கு, 2011-ல் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப்பெயர் வைத்தது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் "நீ வேண்டாம்" என்று கேட்டு வளரும் பிள்ளையின் மனசை நினைத்துப் பாருங்கள். வசந்தியும் இளவேனிலும் "நீ வந்தது நல்லது" என்று சொல்லும் பெயர்கள்.

எந்தப் பெயரானாலும் இவற்றை மறக்காதீர்கள்:

1. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை.
2. பதிவேட்டில் குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். அதன்பிறகு தாமதக் கட்டணம் கட்ட வேண்டும்.
3. இளவேனில் என்பதை ஆங்கிலத்தில் சிலர் 'ஈ' எழுத்தில் தொடங்குவார்கள், சிலர் 'ஐ' எழுத்தில் தொடங்குவார்கள். ஒன்றை முடிவு செய்து பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் அப்படியே எழுதுங்கள். எழுத்து மாறினால் பின்னாடி அலைச்சல் பிள்ளைக்குத்தான்.
4. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் குழுவில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருக்கிறது? இருந்தால் முதல் வேலையாகப் பேரைச் சேர்த்துவிடுங்கள்.