பாசமா, பாசக்கயிறா?

"அவன் நம் பிள்ளை மாதிரி. எங்களுக்குள் இருப்பது கூலிக் கணக்கா? பாசம் அய்யா, பாசம்!"

தறி ஓடும் ஊர்களில் முதலாளிமார் இப்படிப் பேசுவதை நாம் கேட்டதுண்டு. பட்டுக்குப் பேர்போன சின்ன காஞ்சிபுரத்திலும் கேட்கலாம். கேட்கக் கேட்க இனிக்கிறது! ஆனால், தோழர்களே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

தாய்ப்பாசம் என்கிறோம், உடன்பிறந்த பாசம் என்கிறோம். 1961இல் வந்த 'பாசமலர்' படத்துக்குக் கண்ணீர் வடிக்காத ஊரும் உண்டோ! ஆனால் வடமொழியிலிருந்து வந்த அச்சொல்லின் பழம்பொருள் கயிறு, சுருக்கு. எமன் கையில் இருப்பது பாசக்கயிறு. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்னும்போது, பாசம் உயிரைப் பிணித்த தளை. கயிறும் அன்பும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

தறி வீட்டிலும் அப்படித்தான். மகள் திருமணத்துக்கு முன்பணம் கொடுத்தார் முதலாளி. அது அன்பு! கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போகாதே என்றார். அது? கூலி உயர்வு கேட்டால், "பாசமற்றவன்" என்கிறார். கடனைக் காட்டி உழைப்பாளியின் வேலை தேடும் உரிமையைப் பறிப்பது குற்றம் என்கிறது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம்.

முதலாளியை மட்டும் சொல்லி என்ன பயன்? நம் வீட்டையும் பார்ப்போம். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அதற்குள்ளேயே நூல் சுற்றும் மனைவியின் உழைப்பும், நாடா எறியும் மகனின் உழைப்பும் அடக்கம். அவர்களுக்கென்று தனிக் கூலி உண்டா? 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத் தொழிலுக்கு விலக்குத் தந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தமும், பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலுக்குப் பிள்ளைகள் உதவலாம் என்றது. பாசம் சட்டத்திலும் சந்து கண்டுவிட்டது!

அப்படியானால் பாசமே வேண்டாமா? வேண்டும், தோழர்களே, வேண்டும்! நம் கோர்வைச் சேலையைப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. நெசவாளியும் துணையாளும் மாறி மாறி எறிய, இரு நிற இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. முடிச்சு இல்லை. ஒரு நிறம் மற்றதை விழுங்குவதும் இல்லை. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்பது நெசவாளியின் பெருமை. அதுவன்றோ பாசம்!

இனி எவரேனும் "பாசம்" என்றால், உடனே உருகிவிடாதீர். கயிற்றின் மறுமுனை யார் கையில் என்று பாருங்கள். எவர் கையிலும் இல்லையென்றால், அணைத்துக் கொள்ளுங்கள்!