காலி வண்டி ஏன் அலைபாய்கிறது?

மாணவர்களே, கேமரன் மலைக்குச் சென்றவர்கள் அங்கு ஓடும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கோலா தெர்லா, திரிங்காப், கம்போங் ராஜா வட்டாரங்களில் சரிவான தோட்டப் பாதைகளிலிருந்து காய்கறிகளை இறக்கிக் கொண்டுவர இத்தகைய வண்டிகளும் பிக்கப் லோரிகளும்தான் உதவுகின்றன.

பாரம் அதிகமானால் வண்டியின் பின்பகுதி தாழும். அதைத் தடுக்கச் சிலர் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்ப்பதுண்டு. பாரத்தோடு போகும்போது வண்டி நேராகவே போகும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதோ, ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டாலே சட்டென்று திரும்பிவிடும். வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இது ஆபத்து. மாற்றியது பின் ஸ்பிரிங்கை. கோளாறு தெரிவதோ முன் சக்கரத்தில். எப்படி?

கடைகளில் தள்ளுவண்டியின் முன் சக்கரத்தைக் கவனியுங்கள். சக்கரம் திரும்பும் அச்சு முன்னே இருக்கும். சக்கரம் தரையைத் தொடும் இடம் சற்றுப் பின்னே இருக்கும். அதனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானாகவே அந்தத் திசைக்கு ஒழுங்காகிவிடும். மிதிவண்டியிலும் இப்படித்தான். கைப்பிடித் தண்டு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது அல்லவா? அந்தச் சாய்வின் வழியே ஒரு நேர்க்கோடு வரைந்தால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் தரையில் விழும்.

கார், லோரிகளின் முன் சக்கரம் திரும்பும் அச்சும் இதேபோல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இச்சாய்வைக் 'காஸ்டர் கோணம்' என்பார்கள். திரும்பி முடித்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி ஒரு கணக்கு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். கூடுதல் பட்டையால் அதன் பின்பகுதி 5 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. 5-ஐ 300-ஆல் வகுத்தால் 0.0167. அது ஏறத்தாழ 1 பாகைச் சாய்வு. மூக்கு தாழ்ந்ததால் காஸ்டர் கோணமும் அதே 1 பாகை குறைகிறது. முன்பு 3 பாகை இருந்தால் இப்போது 2 பாகைதான்.

சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்றால், 3 பாகையில் கோடு விழும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் இடைவெளி சுமார் 1.8 சென்டிமீட்டர். 2 பாகையில் அது 1.2 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. திருப்புத்திறன் என்பது விசையும் தூரமும் பெருக்கிய அளவு என்று படித்திருக்கிறீர்கள். தூரம் குறைந்தால் சக்கரத்தை நேராக்கும் திறனும் குறையும். பாரம் ஏறியதும் பின்பகுதி மீண்டும் தாழ்கிறது, கோணமும் திரும்பி வருகிறது. அதனால்தான் பாரத்தோடு அடங்கிப் போகும் வண்டி, காலியானதும் துள்ளுகிறது.

எனவே நல்ல மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி, "எப்போது இப்படி ஆகிறது?" என்பதுதான். அடுத்து டயர்க் காற்று சரியா, இணைப்புகளில் ஆட்டம் உண்டா என்று பார்ப்பார். ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி சற்றுத் தாமதமாகத்தான் கேட்கும். கோணம் குறைந்தால் வண்டி உடனே திரும்பும், ஆனால் நேருக்கு வரச் சோம்பும். இரண்டும் வெவ்வேறு நோய்கள். அதன் பிறகு சமதரையில் நிறுத்தி முன்பின் உயரத்தை அளப்பார். கடைசியாக, சக்கரச் சீரமைப்புக் கருவியில் காஸ்டர் கோணத்தையும், முன் சக்கரங்கள் உள்நோக்கியா வெளிநோக்கியா நிற்கின்றன என்பதையும் பார்ப்பார். அவை வெளிநோக்கி விரிந்திருந்தாலும் வண்டி அலைபாயும்.

அளவு தெரிந்தால் மருந்தும் தெரியும்: கூடுதல் பட்டையைக் கழற்றலாம், அல்லது முன் கோணத்தைத் திருத்தலாம். அளக்காமல் ஸ்டீயரிங் பெட்டியை மாற்றினால் பணம்தான் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

உங்கள் வீட்டு மிதிவண்டியின் கைப்பிடித் தண்டோடு ஒரு நீளமான குச்சியைச் சாய்வாகப் பிடித்து, அது தரையைத் தொடும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். டயர் தொடும் இடத்தையும் குறித்து இடைவெளியை அளந்து பாருங்கள். அந்தச் சில சென்டிமீட்டரும் நீங்கள் நேராக ஓட உதவுகிறது.