சியாட்டிலில் முதல் கோடை: வெளிச்சம், ஜன்னல், தண்ணீர், பத்து வாரம்

வேலை மாறி அமெரிக்காவுக்குக் குடிபோகும் குடும்பங்கள் பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் போய் இறங்குகின்றன. ஊரில் பரீட்சை முடிந்து, டி.சி. வாங்கி, சாமான் கட்டிக் கிளம்பினால் அந்த மாதம்தான் சரியாக வரும். ஆனால் அங்கே அது பள்ளிக்கூடம் மூடுகிற நேரம். சியாட்டில் பக்கம் ஜூன் பின்பாதியில் மூடினால் செப்டம்பர் தொடக்கத்தில் லேபர் டேயை ஒட்டித்தான் திறப்பார்கள். ஏறக்குறைய பத்து வாரம். குழந்தைக்கு வகுப்பு கிடையாது, சிநேகிதம் கிடையாது, தாத்தா பாட்டி வீடும் கிடையாது. சம்மர் கேம்ப் இருக்கிறதே என்பீர்கள். நல்ல கேம்ப்களுக்கான பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். ஜூனில் போய்க் கேட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

எங்கள் வீட்டில் அப்போது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. நான் காலையில் ஆபீஸ் போய்விடுவேன். மனைவி எச்-4 விசா. அந்த விசாவில் வருகிறவர்களில் பலருக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆக, தெரியாத ஊரில், வண்டி இல்லாமல், இரண்டு குழந்தைகளோடு பகல் முழுவதும் தனியாக இருக்கப் போவது அவள். பத்து வாரம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஊர் எங்களுக்கு ஊராகுமா, வெறும் விலாசமாக நிற்குமா என்பது தெரியும் என்று எனக்குப் பட்டது. வழக்கம்போல ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அவற்றில் மற்றவர்களுக்கும் பயன்படுகிறவற்றைக் காரணங்களோடு இங்கே தருகிறேன்.

ஒன்பது மணிக்கு வெயில்

முதல் பிரச்சினை தூக்கம். ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே பளிச்சென்று வெளிச்சம். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டால், "என்னடா, ராத்திரி ஒன்பது மணிங்கற, பட்டப்பகலா இருக்கு. புள்ளைங்க இன்னும் தூங்கலையா?" என்பார். அங்கே அவருக்குக் காலை ஒன்பதரை.

பகலின் நீளத்தைக் கணக்கிட ஒரு வரிச் சூத்திரம் போதும். ஜூன் 21 அன்று சூரியன் 23.4 டிகிரி வடக்கே இருக்கிறது. காஸ் எச் = − டேன் (அட்சரேகை) × டேன் (23.4). வரும் கோணத்தை இரண்டால் பெருக்கி 15ஆல் வகுத்தால் மணிக்கணக்கு. சென்னை 13.1 டிகிரி, விடை சுமார் 12.8 மணி. சியாட்டில் 47.6 டிகிரி, விடை சுமார் 15.8 மணி. காற்றில் ஒளி வளைவதையும் சூரியனின் விளிம்பையும் சேர்த்தால் இரண்டு ஊருக்கும் இன்னும் சில நிமிடங்கள் கூடும். சியாட்டிலில் கிட்டத்தட்ட 16 மணி நேரப் பகல்.

அது மட்டுமென்றால் நடுப்பகலுக்கு முன் எட்டு, பின் எட்டு என்று பிரிந்து அஸ்தமனம் இரவு 8 மணிக்கு வர வேண்டும். ஆனால் 9.10 ஆகிறது. காரணம் கடிகாரம். டேலைட் சேவிங் என்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அந்தக் கால மண்டலத்தின் நடுக்கோடு 120 டிகிரி மேற்கு. சியாட்டில் அதற்கும் 2.3 டிகிரி மேற்கே இருப்பதால் இன்னொரு 9 நிமிடம். ஆக ஜூனில் அங்கே உச்சிவெயில் மதியம் 1.10 வாக்கில்தான். அஸ்தமனத்துக்குப் பிறகும் சட்டென்று இருட்டாது. நம்மூரில் சூரியன் செங்குத்தாக இறங்கி மறைகிறது, இருபத்து சொச்ச நிமிடத்தில் இருட்டிவிடும். அங்கே சாய்ந்து இறங்குவதால் அந்தி சுமார் 40 நிமிடம் இழுக்கும்.

இன்னொரு விஷயம்: ஜூனில் சூரியன் அங்கே நேர் மேற்கில் மறைவதில்லை. மேற்கிலிருந்து 36 டிகிரி வடக்கே தள்ளி மறைகிறது. எனவே "வடக்கு பார்த்த ரூம், வெயிலே வராது" என்று குழந்தைகளை அதில் படுக்க வைத்தால், படுக்கும் நேரத்தில்தான் வெயில் உள்ளே வரும். எங்கள் குழந்தைகள் அறை அப்படித்தான் இருந்தது.

இதில் உடம்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. இருட்டத் தொடங்கும்போது மூளையில் மெலடோனின் சுரந்து தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. வெளிச்சம் அதைத் தடுக்கிறது. கொலராடோவில் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். மெலடோனின் கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பழைய நிலைக்கு வரவில்லை. பத்தே பத்துக் குழந்தைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் நான்கு வயசுக்காரன் ஒன்பதரைக்குச் சோபாவில் குதிப்பதற்குப் பிடிவாதம் மட்டுமே காரணமல்ல என்று அது எங்களுக்குச் சொன்னது. திட்டுவது குறைந்தது.

தீர்வு சாதாரணமானது. வெளிச்சத்தை முழுசாக மறைக்கும் கறுப்புத் திரை. ஏழரைக்கே திரையை இழுத்துவிட்டு மங்கிய விளக்கில் சாப்பாடு, கதை. எவ்வளவு தாமதமாகத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி வெளியே வெளிச்சத்தில் ஒரு நடை. காலை வெளிச்சம் உள்கடிகாரத்தை முன்னே தள்ளும், மாலை வெளிச்சம் பின்னே தள்ளும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் வேலை நடக்கும்.

கம்பி இல்லாத ஜன்னல்

சியாட்டில் என்றாலே மழை என்று நினைத்துக் குடையோடு போய் இறங்குவோம். ஜூலைதான் அங்கே வருஷத்தின் வறண்ட மாதம். மொத்த மாதத்துக்கும் ஓர் அங்குல மழைகூட இருக்காது. பசிபிக் கடலின் மேல் உள்ள உயர் அழுத்த மண்டலம் கோடையில் வடக்கே நகர்ந்து, மழை கொண்டுவரும் புயல்களைத் தள்ளிவிடுகிறது.

வீடுகள் குளிருக்காகக் கட்டியவை. பல அபார்ட்மென்ட்களில் ஏ.சி. கிடையாது. சாதாரணக் கோடைக்கு அது தேவையும் இல்லை. ஏனென்றால் ராத்திரி 13, 14 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடும். நம்மூரில் ராத்திரியும் புழுங்கும், அதனால் இந்தப் பாடம் நமக்குப் புதிது: ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்ந்த காற்றை உள்ளே விட வேண்டும், காலையில் வெயில் ஏறுமுன் ஜன்னலையும் திரையையும் மூடிவிட வேண்டும்.

இங்கேதான் ஒரு ஆபத்து இருக்கிறது. நம் வீட்டு ஜன்னல்களில் இரும்புக் கம்பி இருக்கும். குழந்தை ஜன்னலில் ஏறி உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பது நமக்கு இயல்பான காட்சி. அங்கே இரண்டாவது மாடியிலும் கம்பி கிடையாது. ஒரு மெல்லிய வலை மட்டும் இருக்கும். அது கொசு உள்ளே வராமல் தடுக்க. குழந்தை சாய்ந்தால் சட்டத்தோடு கழன்று விழும். நம் குழந்தைகளுக்கோ ஜன்னலில் சாய்வது பழக்கம். எனவே முதல் வாரமே செய்ய வேண்டியது, ஜன்னல் நான்கு அங்குலத்துக்கு மேல் திறக்காதபடி ஒரு தடுப்பு வாங்கி மாட்டுவது. கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். கட்டில், சோபாவை ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்த்திவிடுங்கள்.

சாதாரணமில்லாத கோடையும் உண்டு. 2021 ஜூன் 26, 27, 28 தேதிகளில் சியாட்டிலில் 102, 104, 108 பாரன்ஹீட். கடைசி நாள் 42 டிகிரி செல்சியஸுக்கும் மேல். சென்னைக்காரனுக்கு அது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கக் கட்டிய வீட்டில், ஏ.சி.யும் சீலிங் ஃபேனும் இல்லாமல் அது வேறு விஷயம். அந்த வெப்ப அலையில் வாஷிங்டன் மாநிலத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் நூலகம், மால் என்று ஏ.சி. உள்ள இடத்துக்குப் பகலிலேயே போய்விடுவதுதான் வழி.

ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வரலாம். அந்த நாட்களில் ஏ.க்யூ.ஐ. எண்ணைப் பாருங்கள். 100ஐத் தாண்டினாலே குழந்தைகள் வெளியே ஓடியாடுவதைக் குறைக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் வீட்டுக்குள் இருப்பது நல்லது. சதுர மின்விசிறியின் பின்னால் மெர்வ் 13 ஃபில்டரை ஒட்டி வைத்தால் ஓர் அறைக் காற்றை ஓரளவு சுத்தப்படுத்தலாம்.

இரண்டு வகைத் தண்ணீர்

ஊரின் இருபுறமும் தண்ணீர். மேற்கே கடல், பியூஜெட் சவுண்ட். கிழக்கே வாஷிங்டன் ஏரி. பார்வைக்கு இரண்டும் நீலம்தான். உடம்புக்கு இரண்டும் வேறு.

கடல் ஆழமானது. பசிபிக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரை ஓதம் ஓயாமல் கலக்கிக்கொண்டே இருப்பதால் கோடையிலும் மேல்மட்டம் 12, 13 டிகிரிதான். மெரினாவில் கால் நனைத்த குழந்தைக்கு இது அதிர்ச்சி. குளிர்நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னிச்சையாக மூச்சை இழுக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் இது விடுவதில்லை. ஏரியில் அந்தக் கலக்கல் கிடையாது. வெயிலில் சூடான நீர் எடை குறைந்து மேலேயே மிதக்கும். ஜூலை, ஆகஸ்டில் மேல்மட்டம் 20 டிகிரியைத் தாண்டும். ஆனால் ஆழத்தில் இன்னும் குளிர்தான். அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் தண்ணீரில் மூழ்குவது. அதனால் எங்கள் வீட்டு விதி: லைஃப்கார்டு இருக்கும் ஏரிக்கரை, அவர்கள் இருக்கும் நேரம், நீச்சல் தெரியாதவருக்கு லைஃப் ஜாக்கெட். சின்னவனுக்கு முழங்கால் ஆழ வேடிங் பூல்களே போதுமாக இருந்தது. மாநகராட்சி பூங்காக்களில் இலவசம். வெயில் அடிக்கும் நாட்களில் மட்டும் தண்ணீர் விடுவார்கள்.

அந்த ஏரி ஒரு காலத்தில் குளிக்க லாயக்கில்லாமல் இருந்தது என்பது எனக்கு ஆச்சரியம். 1950களில் கரையோர ஊர்களின் கழிவுநீர் அதில்தான் கலந்தது. பாஸ்பரஸ் சேர்ந்து பாசி பெருகியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட்சன் என்ற விஞ்ஞானி, 1955இல் ஏரியில் கண்டெடுத்த ஒரு பாசி வகையை வைத்து, ஐரோப்பிய ஏரிகள் சீரழிந்த அதே பாதையில் இதுவும் போகிறது என்று எச்சரித்தார். 1958இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தினார்கள். 1963 முதல் 1968 வரை குழாய் பதித்துக் கழிவுநீரை ஏரியிலிருந்து திருப்பினார்கள். 1964இல் தண்ணீருக்குள் 30 அங்குலம்தான் பார்வை போனது. 1968இல் 10 அடி. என் மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நம்ம கூவத்தையும் பண்ணலாமாப்பா?" என்று கேட்டாள். பண்ணலாம் என்றேன். கூவம் ஏரி அல்ல, ஓடாத ஆறு. ஆனால் வேலையின் முதல் படி அதேதான், சாக்கடையைத் திருப்புவது.

ஒரே இடம், ஒரே நேரம்

ஊர் சுற்ற அதிகம் செலவாகவில்லை. 2022 முதல் வாஷிங்டன் மாநிலத்தில் 18 வயது வரை பஸ், ரயில், மாநில ஃபெரி எல்லாம் இலவசம். பெயின்பிரிட்ஜ் தீவுக்கு ஃபெரியில் 35 நிமிடம். நடந்து ஏறும் பெரியவர்களுக்கும் போகும்போது மட்டும்தான் டிக்கெட். பாலார்டில் 1917இல் திறந்த மதகு இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே படகுகளை ஏற்றி இறக்குவார்கள். அதன் பக்கத்திலேயே 21 படிகள் கொண்ட மீன் ஏணி. கடலிலிருந்து முட்டையிடத் திரும்பும் சால்மன் மீன்கள் படி படியாகத் தாவுவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஜூலை நல்ல நேரம். காசு கிடையாது.

ஆனால் பத்து வாரத்தைக் காப்பாற்றியது சுற்றுலா இல்லை. என் மனைவி கண்டுபிடித்த ஒரு விஷயம். தினம் ஒரு புதுப் பூங்கா போனால் தினமும் புது முகங்கள்தான். ஒருவரும் சிநேகிதமாக மாட்டார்கள். அதனால் பூங்காக்களை மாற்றுவதை நிறுத்திவிட்டு, செவ்வாய், வியாழன் காலை பத்தரைக்கு நூலகக் கதை நேரம், மற்ற நாள் மாலை நான்கு மணிக்கு அதே ஒரு பூங்கா என்று வைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரத்தில் ஊஞ்சலுக்கு இடம் பிடித்து வைக்க மகளுக்கு ஒரு எத்தியோப்பியச் சிறுமி இருந்தாள். ஐந்தாவது வாரத்தில் மதுரைக்கார அக்கா ஒருவர், "தோசைக்கல்லு கொண்டாந்தியாம்மா, இல்ல நான் தரட்டுமா?" என்று கேட்டார். பள்ளி திறந்த அன்று மகள் போன வகுப்பில் ஏற்கெனவே பூங்காவில் தெரிந்த முகம் இரண்டு இருந்தது.

ஜூனில் போய் இறங்குகிறவர்களுக்கு என் சுருக்கமான பட்டியல் இதுதான். முதல் வாரம் ஜன்னல் தடுப்பு, கறுப்புத் திரை, நூலக அட்டை. இரண்டாம் வாரம் குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட். பிறகு நடந்து போகும் தூரத்தில் ஒரே ஒரு பூங்கா, மாறாத நேரம். டிசம்பரில் அதே ஊரில் பகல் எட்டரை மணி நேரம்கூட இருக்காது, நான்கரைக்கே இருட்டிவிடும். அதற்குள் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்க வேண்டும்.