அசதிக்கு ஓய்வு மட்டும் மருந்தல்ல

எம்.எஸ். என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தவரிடம் வீட்டார் ஓயாமல் சொல்வது இதுதான்: "நீ ஒண்ணும் செய்யாதே, பேசாம படுத்திரு." அன்பில் வரும் சொல். அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு பயம் இருக்கிறது. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

1890-இல் வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், எம்.எஸ். வந்த சிலருக்கு உடம்பை வருத்தி வேலை செய்ததும் பார்வை மங்குவதைக் கவனித்தார். ஓய்வெடுத்தால் தெளிந்துவிடும். உழைப்புதான் காரணம் என்று அவர் எண்ணினார். உண்மையில் காரணம், உழைப்பால் ஏறும் உடம்புச் சூடு. இந்த நோயில் நம் உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் உள்ள மயலின் உறையை அரித்துவிடுகிறது. ஒயரின் மேல் பிளாஸ்டிக் உரிந்துபோன மாதிரி. அப்படிப்பட்ட நரம்பில் செய்தி தட்டுத்தடுமாறித்தான் போகும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே நின்றுவிடலாம். சூடு தணிந்தால் மறுபடி போகும். புதிதாக எந்த நரம்பும் கெடுவதில்லை.

ஆனால் பயம் வேரூன்றிவிட்டது. உடற்பயிற்சியே வேண்டாம் என்று பல பத்தாண்டுகள் மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். உள்ளவர்களுக்கு 15 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்து, 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் வலு கூடியது, மனமும் தேறியது. அதன் பிறகுதான் பேச்சு மாறத் தொடங்கியது.

அப்படிப்பட்ட பயிற்சிகளில் ஒன்றான யோகாவுக்கு வருவோம். போர்ட்லாந்து நகரில் எம்.எஸ். உள்ள 69 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் ஆராய்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு ஐயங்கார் முறை யோகா, நாற்காலியும் சுவரும் துணையாக. இன்னொன்றுக்கு நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். மூன்றாவது குழு காத்திருந்தது. யோகா செய்தவர்களுக்கும் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் அசதி குறைந்தது. கவனத்திலோ யோசிக்கும் திறனிலோ மாற்றம் இல்லை.

"சைக்கிள் அளவுக்குத்தானா?" என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். எம்.எஸ். அசதி வேலை செய்து களைத்த அசதி அல்ல. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தவர், குளித்து முடித்ததும் மறுபடி படுக்க வேண்டியிருக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் 'சோம்பேறி' என்ற பட்டமும் சேர்ந்து கிடைக்கும். அந்த அசதி கொஞ்சம் குறைந்தாலும் அந்த மனிதருக்கு ஒரு மாலைப்பொழுது திரும்பக் கிடைக்கிறது. உடம்பை அசைக்காமல் மனதைப் பழக்கும் பயிற்சிக்கும் பலன் உண்டு: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 150 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், எட்டு வார தியானப் பயிற்சி பெற்றவர்களுக்கு மனச்சோர்வும் அசதியும் குறைந்தன.

நம் ஊர் வெயிலில் யோகா செய்யும் எம்.எஸ். உள்ளவர்கள் விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். ஃபேன் ஓடட்டும், பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். சூடேற்றிய அறையில் நடத்தும் யோகா வகுப்பு இவர்களுக்கு ஆகவே ஆகாது. நிற்கும் ஆசனங்களைச் சுவரோரமாகச் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குக் கண்தான் பிடிமானம். ஒவ்வொரு ஆசனத்துக்கும் இடையே இளைப்பாறுங்கள். எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பயிற்சியில் பார்வை மங்கினாலோ கால் மரத்தாலோ நிறுத்திவிட்டு உடம்பைக் குளிரவிடுங்கள். புதிய தொந்தரவு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யோகா இந்த நோயைக் குணப்படுத்தாது, உரிந்த உறையை ஒட்டவைக்காது. ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு வா, நான் சரிசெய்கிறேன் என்று எந்த ஆசிரியராவது சொன்னால், அந்த வகுப்புக்கு மறுநாள் போகாதீர்கள்.