இரண்டு வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பாருங்கள். முதலில் காவிரி; அதற்கு அப்பால் ஸ்ரீரங்கம்; அதற்கும் அப்பால் கொள்ளிடம். தீவின் நடுவே, ஏழு திருச்சுற்றுகளோடு அரங்கநாதர் கோயில். வளைய வடிவ மூலக்கூறுகள் ஓர் உலோக அணுவைப் பற்றிக்கொள்ளும் இரண்டு விதங்களை இந்த ஒரே காட்சியைக் கொண்டு விளக்கிவிடலாம். இப்படிப் பற்றும் மூலக்கூறுகளுக்கு 'ஈனிகள்' என்று பெயர்.

கருவறையைச் சுற்றி மதில் நிற்பதுபோல், உலோகத்தைச் சுற்றி வளையம் அமைவது ஒரு விதம். வாழை இலைக்குப் பச்சை தரும் குளோரோஃபில்லில் நடுவே இருப்பது மக்னீசியம். உங்கள் இரத்தத்தின் சிவப்புப் பொருளில் அந்த இடத்தில் இரும்பு. ஆனால் இவற்றில் வளையம் உலோகத்தைப் பற்றுவது நான்கு நைட்ரஜன் அணுக்களால், கார்பனால் அல்ல. ஆகவே இவை கரிம உலோகச் சேர்மங்கள் ஆகமாட்டா.

விஞ்ஞானிகளைத் திணறடித்தது மற்ற விதம். 1951-ல் அமெரிக்காவில் கீலி, பாசன் என்ற இருவர் வேறொரு பொருளைத் தயாரிக்க முயன்றார்கள். கிடைத்ததோ ஆரஞ்சு நிறப் படிகம்! ஓர் இரும்பு அணு, ஐந்து கார்பன் கொண்ட இரண்டு வளையங்கள். பிற்பாடு இதற்கு ஃபெர்ரோசீன் என்று பெயர் வைத்தார்கள். வளையத்துக்கு ஒரு கார்பன் மட்டும் இரும்போடு சாதாரணப் பிணைப்பில் இருப்பதாக அவர்கள் படம் வரைந்தார்கள். அப்படிப்பட்ட சேர்மம் எளிதில் சிதைந்துவிட வேண்டுமே! இதுவோ 173 டிகிரி செல்சியஸில் உருகியது; 400 டிகிரி வரை தாங்கியது. வாசனை கற்பூரத்தைப் போல. கற்பூரத்தைப் போலவே உருகாமல் நேரே ஆவியாகவும் செய்யும்.

1952-ல் அமெரிக்காவில் வில்கின்சனும் உட்வர்டும், ஜெர்மனியில் ஃபிஷரும் புதிரை அவிழ்த்தார்கள். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், நடுவில் இரும்பு. ஆம், இரண்டு ஆறுகளுக்கு இடையே ஸ்ரீரங்கம்! பத்து கார்பன்களும் இரும்பைச் சமமாகப் பற்றியிருக்கின்றன. கணக்குப் போடுங்கள்: இரும்பின் எலக்ட்ரான்கள் 26, வளையத்துக்கு ஐந்து வீதம் 10, மொத்தம் 36. மந்த வாயுவான கிரிப்டானின் எண்ணிக்கையும் அதுதான். உறுதியின் இரகசியம் புரிகிறதல்லவா? 1973-ல் வில்கின்சனும் ஃபிஷரும் நோபல் பரிசு பெற்றார்கள். (உட்வர்டுக்கு அதில் பங்கில்லை. 1965-லேயே வேறு ஆராய்ச்சிக்காக அவர் அப்பரிசைப் பெற்றிருந்தார். இருந்தாலும் மனம் சமாதானமாவதில்லை.)

ஒரு பக்கம் மட்டும் வளையம் இருந்தால்? அது 'அரை சாண்ட்விச்'. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ருத்தேனியம் உலோகத்தைக் கொண்டு இத்தகைய சேர்மங்களைத் தயாரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். பென்சீன் குடும்பத்து வளையம் ஒன்று உலோகத்துக்குக் குடைபோல் நிற்கும். கீழ்ப்பக்கத்தில் ஒரு குளோரின் அணு எளிதில் விலகும்; காலியான இடத்தில் வினைபுரியும் பொருள் வந்து அமரும். வினையூக்கி வேலை செய்வது இப்படித்தான். இவ்வகைச் சேர்மங்களில் அடிக்கடி பயன்படும் வளையம் சைமீன். உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டி ஓமத்தின் எண்ணெயிலும் அது இருக்கிறது.