ஆறாம் விரலின் இலக்கணம்

தைப்பிங்கில் ஆசிரியர் ஒருவர் எம்மிடம் வினவினார்: "மாணவனொருவனுக்குப் பெருவிரலருகே ஆறாம் விரல். கிரகணத்தன்று தாய் வெளியே சென்றதே காரணமென்று உறவினர் பழிக்கின்றனர். மெய்யா?" மெய்யன்று என்றோம்.

கருவின் நான்காம் வாரத்தில் கைம்மொட்டு அரும்பும். எட்டாம் வார முடிவில் விரல்கள் பிரிந்துவிடும். மொட்டின் சுண்டுவிரற் பக்கத்தே மட்டும் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்னும் மரபணு (கணினி விளையாட்டுப் பாத்திரமொன்றின் பெயர்!) இயங்கி, விரல்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் நெறிப்படுத்துகிறது. அதனை முடுக்கும் பகுதியோ டி.என்.ஏ. இழையில் ஏறத்தாழப் பத்து இலட்சம் எழுத்துகளுக்கு அப்பால் உள்ளது. ஆங்குச் சிலவிடங்களில் ஓரெழுத்துத் திரிந்தாலே, மரபணு பெருவிரற் பக்கத்திலும் விழித்துக்கொள்கிறது. மிகைவிரல்களுள் ஒருவகை இவ்வாறு தோன்றுவதே. மரபணு பிழைபடவில்லை; வல்லினம் மிகாவிடத்து மிகுந்தாற்போல, அது இயங்கும் இடமே பிழைத்தது.

இத்திரிபு பெற்றோருள் எவர்வழியும் வரலாம், தந்தைவழியும்.